பிரிட்ஜ் நின்ற நான்கு நிமிடம்

ஜூலை 9, செவ்வாய்

இன்று அந்தோனி அங்கிள் முன்னால் அசடு வழிந்தேன். ரெகே, டப் என்று ஜமைக்கா இசையில் நாற்பது வருடம் பாஸ் கிட்டார் வாசித்தவர். புது ஆல்பத்தை கிரான்பர்ன் புறநகரிலுள்ள தன் வீட்டுச் சமையலறையில் தனியாக உட்கார்ந்து பதிவு செய்து, ஒலிகளைச் சமன்படுத்தி மிக்ஸிங் செய்ய என்னிடம் கொடுத்திருந்தார்.

பதினெட்டு நிமிடப் பாட்டு. பின்னால், சமையலறையில் ஓடும் பழைய பிரிட்ஜின் இரைச்சல். அதை முதலில் நீக்கினேன். நடுவில் நான்கு நிமிடம் டிரம் மெஷின் மட்டும் ஓடுகிறது, பாஸ் இல்லை. எழுபத்து மூன்று வயது, மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கேட்கச் சங்கடப்பட்டு, அந்தப் பகுதியை அவரிடம் சொல்லாமலே வெட்டிவிட்டேன்.

மதியம் வந்து முழுவதும் கேட்டார்.

"பிரிட்ஜ் எங்க பிள்ளை?"

"இரைச்சலா இருந்துச்சு அங்கிள், எடுத்துட்டேன்."

"அதோடதானே நான் வாசிச்சனான். அது நிண்டா நானும் நிப்பன்." பிறகு மெதுவாக, "மறந்திட்டன் எண்டு நினைச்சனியோ?"



அவர் போனதும் அசல் பதிவை ஓடவிட்டேன். பிரிட்ஜ் இரைகிற அதே சுருதியில்தான் பாஸ் போகிறது. பத்தாவது நிமிடத்தில் பிரிட்ஜ் அடங்குகிறது, அந்த நொடியே பாஸும் அடங்குகிறது. மனிதர் நான்கு நிமிடம் காத்திருக்கிறார், மூச்சு கேட்கிறது. பிரிட்ஜ் மறுபடி உறுமியதும், அடுத்த அடியிலேயே பிசகாமல் உள்ளே வருகிறார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இருபது வருடமாக இரைச்சலை நீக்கித்தான் பிழைக்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டு பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது. அது நின்ற பிறகு தூங்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.