தானாக நடந்த வேலை

ஆடி 20, ஞாயிறு

இன்று அரூரில் வக்கீல் வீட்டில் எங்கள் அரசின்மைவாத வாசிப்பு வட்டம் கூடியது. ஆறு பேரில் நான் ஒருத்திதான் பெண். எங்களுக்குத் தலைவர் கிடையாது. நாற்காலிகளைக்கூட வட்டமாகத்தான் போடுவோம். அரசே இல்லாத சமூகத்தில் வேலைகளை யார் பங்கிடுவது என்று இன்று நான் பேசுவதாக இருந்தது. ஒரு மாதமாகப் படித்துவிட்டுப் போயிருந்தேன்.

நான் பாதி பேசியிருந்தபோது வக்கீல், "வூட்ல அவங்க ஊருக்குப் போயிருக்காங்க. அதான் டீ இல்லீங்க," என்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் அடுப்படியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான்தான் எழுந்தேன்.

டம்ளர்களோடு திரும்பியபோது விவாதமே முடிந்திருந்தது.

"டீச்சர், நாங்க ஒரு முடிவுக்கு வந்துட்டோங்க," என்றார் வக்கீல், டீயை ஊதிக்கொண்டே. "அதிகாரம் இல்லாத எடத்துல வேலையெல்லாம் தானா நடக்குங்க."

இன்னொருவர் சர்க்கரை தூக்கல் என்றார்.

என் வீட்டுக்காரர் "டீ போடு" என்று வாய்விட்டுச் சொல்வார். முடியாது என்று நானும் சொல்லியிருக்கிறேன். அங்கே யாருமே சொல்லவில்லையே, நான் யாரிடம் போய் முடியாது என்பது?