ஆளில்லாத விடுதி

அக்கா,

எங்களை அடி வாங்க வைத்தது நீதான். அந்த ஆள் தேர்தலில் ஜெயித்ததும், "இந்த நாட்டுக்கு யாரும் பயணம் போகாதீர்கள்" என்று வெளிநாட்டில் உட்கார்ந்து எழுதினாய். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். நான் பெருக்கித் துடைக்கும் இருபது அறைகளும் ஒரே வாரத்தில் காலி.

வெளிநாட்டுக்காரர்கள் தங்கியிருந்தவரை அவனுடைய ஆட்கள் விடுதி வாசலைத் தாண்டியதில்லை. மாடியிலிருந்து யாராவது படம் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் இரும்புக் கம்பிகளோடு உள்ளே வந்தார்கள்.

"எங்களுக்கு எதிரா ஓட்டுப் போட்ட கை எதுடா? நீட்டு!"

சமையல்காரருக்கு வாய் சும்மா இருக்காதே. "ரெண்டு கையாலயும் சமைக்கிறவன் தம்பி, எதுன்னு ஞாபகமில்ல" என்றார். சலவைத் தொட்டியின் விளிம்பில் அவர் தலையை மூன்று முறை மோதினார்கள். அதன் பிறகு அவர் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

அடுத்தது நான். இந்தக் கோணல் கையெழுத்தை அம்மாவிடம் காட்டாதே. இடது கை போகப் போகப் பழகிவிடும்.

"பதவியேற்பு அன்னிக்கு மறுபடி வர்றோம். இப்பதான் வேடிக்கை பாக்க ஒரு பயலும் இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

உன் கோபம் நியாயம்தான், எனக்கும் அதே கோபம்தான். ஆனால் அவர்கள் பயந்தது உங்கள் கண்களுக்கு மட்டும்தான்.

இது மூன்றாவது கடிதம். பதவியேற்புக்கு முன்னால் வா. கையெழுத்துப் போட்டவர்களில் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வா. வருகிறாயா, இல்லையா? அதையாவது சொல்.

உன் தம்பி