அக்கார்டியனும் ஆறு மணித் தட்டும்

அனுப்புநர்
சா. ஜெபகுமார் (வயது 58),
த/பெ. சாமுவேல்,
பேருந்து நடத்துநர்,
கதவு எண் 14/2, பாவடித் தெரு,
காஞ்சிபுரம்.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்,
காஞ்சிபுரம்.

பொருள்: எனது அக்கார்டியனைக் காவல் நிலையத்திலிருந்து திரும்ப ஒப்படைக்கவும், நான் எழுதிக் கொடுத்த உறுதிமொழிக் கடிதத்தை ரத்து செய்யவும் கோருதல் – அவசரம் – தொடர்பாக.

பார்வை: 1. பக்கத்து வீட்டுக்காரர் திரு. குமரன் அளித்த புகார், நாள் 16.09.2025.
2. அதே நாளில் நான் எழுதிக் கொடுத்த உறுதிமொழிக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மாகறல் தடத்துப் பேருந்தில் நடத்துநராக இருக்கிறேன். பணியில் சேர்ந்து இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஒரு மெமோ வாங்கியதில்லை. மனைவி மேரி காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் சுகாசினி கட்டிக்கொடுத்த இடத்தில், ஓசூரில் இருக்கிறாள். வீட்டில் நான் மட்டும்தான்.

2. சென்ற ஜனவரியில், கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவினரிடமிருந்து பழைய அக்கார்டியன் ஒன்றை வாங்கினேன். தோளில் வாரை மாட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு, நடுவிலுள்ள துருத்தியை இழுத்தும் அமுக்கியும் வாசிக்க வேண்டிய வாத்தியம் அது. வலக்கைக்குக் கட்டைகள், இடக்கைக்குப் பொத்தான்கள். பொத்தான்கள் கண்ணுக்குத் தெரியாத பக்கம் இருப்பதால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கைப்பேசியில் பாடம் பார்த்து, தினமும் மாலை ஆறிலிருந்து ஏழு வரை, கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு பழகினேன். எட்டு மாதத்தில் எனக்கு வந்தது ஒரே ஒரு மெட்டு. அதிலும் பாதிதான். பாதிக்கு மேல் இடக்கை தடுமாறும். நிறுத்திவிட்டுப் பொத்தானைத் தேடுவேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

3. எனக்கும் திரு. குமரன் வீட்டுக்கும் ஒரே பொதுச்சுவர். அந்தச் சுவரை ஒட்டிய கட்டிலில் அவருடைய தந்தை திரு. மயில்வாகனம், நெசவாளர், வயது 81, இரண்டு ஆண்டுகளாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. வலப்பக்கம் அசையாது. இடக்கை மட்டும் கொஞ்சம் வேலை செய்யும். அந்தக் கையால் அவர் சுவரைத் தட்டுவதை நானும் கேட்டிருக்கிறேன், அவர் மகனும் கேட்டிருக்கிறார். என் வாத்தியச் சத்தம் பொறுக்காமல்தான் தட்டுகிறார் என்று மகன் புகார் கொடுத்தார். அந்த வீட்டில் ஓடும் இரண்டு தறிகளின் சத்தத்தில் என் சமையலறைப் பாத்திரங்கள் அதிர்கின்றன. அதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அது அவர்கள் சோறு. மேலும், எங்கள் சாதியில் அந்தத் தெருவுக்குக் குடிவந்த முதல் ஆள் நான் என்பதையும் இங்கே மறைக்கத் தேவையில்லை. அது புகாரில் எழுதப்படவில்லை. எழுதாமலேயே எல்லோருக்கும் புரிந்தது.

4. விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் முறையாகவே கேட்டார். கோயிலிலா சர்ச்சிலா எங்கே வாசிக்கிறீர்கள் என்றார். எங்குமில்லை என்றேன். கச்சேரிக்குப் போவதுண்டா, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுண்டா என்றார். இல்லை என்றேன். பிறகு எதற்கு என்றார். ஆசைதான் ஐயா, பொழுதுபோக்கு என்றேன். "மேற்படி நபர் காரணமின்றி வாசித்து வந்துள்ளார்" என்று எழுதிக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயதில் ஒருவன் தனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக ஒன்றைப் பழகினால் அதற்குப் பெயர் 'காரணமின்றி' என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

5. அக்கார்டியனை நிலையத்துக்கு எடுத்துச் சென்றார்கள். வழக்கு எதுவும் பதியவில்லை. மறுத்துப் பேசினால் வழக்காகும், வழக்கானால் பணியிடை நீக்கம் வரும் என்று எடுத்துச் சொன்னார்கள். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. எதிர்த்துப் பேசத் தைரியம் வரவில்லை. சொன்னபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

6. கோபம் தணிந்தபின் திருப்பித் தருவார்கள் என்று நம்பி நான்கு முறை நிலையத்துக்குச் சென்றேன். பதிவேட்டில் "ஆர்மோனியப் பெட்டி – 1" என்று எழுதியிருக்கிறார்கள். என்னிடமுள்ள விற்பனைச் சீட்டில் அக்கார்டியன் என்று இருக்கிறது. அந்தப் பெயரில் இங்கே பொருளே இல்லை என்றார் எழுத்தர். எட்டிப் பார்த்தால் தெரியும் தூரத்தில் அது கிடந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்தால் பொய் சொன்னவனாவேன். வேறு என்று சொன்னால் என் பொருளே அங்கில்லை என்றாகிறது. நான் என்னதான் செய்வது ஐயா? துருத்தியைக் கட்டிவைக்கும் வாரைக்கூட மாட்டாமல், ஒழுகும் ஓட்டுக்குக் கீழே போட்டு வைத்திருக்கிறார்கள். அட்டையும் தோலும் ஒட்டிச் செய்த மடிப்புகள் அவை. ஐப்பசி மழையில் எத்தனை நாள் தாங்கும்?

7. இத்தோடு நின்றிருந்தால் தங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். வாசிக்கக் கொடுத்துவைக்கவில்லை என்று தலையெழுத்தை நொந்துகொண்டு இருந்திருப்பேன். ஆனால் அக்டோபர் 2 அன்று, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது, திரு. குமரனின் மனைவி சங்கரி என்னிடம் பேசினார். மாமனாருக்கு ஊட்டுவதும் துடைப்பதும் புரட்டிப் படுக்கவைப்பதும் அவர்தான். வாத்தியம் போன பிறகு பெரியவர் தட்டுவதை நிறுத்தவில்லையாம். முன்னைவிட அதிகமாகத் தட்டுகிறாராம். ஆறு மணி ஆனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார், கஞ்சியை வாயில் வாங்குவதில்லை என்றார். பிறகு அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்:

"அண்ணா, நீங்க வாசிக்கிற வரைக்கும் மாமா கம்முனு கேட்டுக்கினுதான் இருப்பாரு. நீங்க நிறுத்துனாதான் தட்டுவாரு. நாங்கதான் அத்த மாத்திப் புரிஞ்சிக்கினோம்."

8. ஐயா, நானும்தான் மாற்றிப் புரிந்துகொண்டேன். எங்கள் தொழிலில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போகலாம். சுவரில் ஒரு தட்டுக் கேட்டதும் போதும் நிறுத்து என்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். அந்த மனிதர் தறியில் உட்கார்ந்தவர், அவருக்கு நம் விசில் கணக்கு எதற்கு என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. எட்டு மாதம் அவர் மீதிப் பாதியைக் கேட்டுத் தட்டியிருக்கிறார். நான் ஒவ்வொரு முறையும் பெட்டியை மூடியிருக்கிறேன். ஒருநாள் எரிச்சலில், "செத்தாலும் நிம்மதியா விட மாட்டார் போல" என்று வாய்விட்டே சொன்னேன். அது சுவரைத் தாண்டி அவருக்குக் கேட்டிருக்கலாம். புகார் கொடுத்த திரு. குமரன்மீது எனக்குக் கோபமில்லை. தகப்பன் துடிக்கிறார் என்று நினைத்த மகன் வேறு என்ன செய்வார்?

9. சங்கரி தன் பெயரை இம்மனுவில் எழுதச் சம்மதித்தார். கையெழுத்துப் போட மட்டும் பயப்படுகிறார். கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவது தெருவில் தலைகுனிவு என்று கணவர் சொல்கிறாராம். ஆகவே சங்கரியை நிலையத்துக்கு அழைக்காமல், அதிகாரி ஒருவரை மாலை ஆறு மணிக்கு அந்த வீட்டுக்கே அனுப்பி விசாரிக்க வேண்டுகிறேன். சாட்சி சொல்ல வேண்டியவர் அங்கேதான் படுத்திருக்கிறார். வாய் இல்லாவிட்டாலும் கை இருக்கிறது.

10. தாமதம் கூடாது என்று நான் கெஞ்சுவதற்குக் காரணம் உண்டு. பெரியவருக்கு முதுகில் புண் வைத்துவிட்டது. பொதுமருத்துவமனையில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன் பொருள் தங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் தட்டு கூடம்வரை கேட்கும். இப்போது சுவரில் காதை வைத்தால்தான் கேட்கிறது. நான் காதை வைக்கிறேன். தினமும் ஆறு மணிக்குள் பணி முடித்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டுக்கொண்டு இருப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய வழியில்லை.

11. எனவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து,

அ) எனது வாத்தியத்தை உடனே ஒப்படைக்க உத்தரவிட வேண்டுகிறேன். ஆர்மோனியம் என்றே எழுதிக் கொடுத்தாலும் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிறேன். இனி அதன் பெயருக்காக வாதாட மாட்டேன். மழையில் பாதிக் கட்டைகள் பேசாமல் போயிருந்தாலும் யார்மீதும் புகார் சொல்ல மாட்டேன். பேசுகிற கட்டைகளை வைத்து வாசித்துக்கொள்கிறேன்.

ஆ) மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் வாசிக்க அனுமதி தர வேண்டுகிறேன். பெரியவர் காலத்துக்குப் பிறகு அதையும் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன்.

இ) மேற்கண்டவற்றுக்கு நாளாகும் என்றால், குறைந்தபட்சம் இது ஒன்றையாவது இன்றைக்கே செய்ய வேண்டுகிறேன். நான் எழுதிக் கொடுத்த கடிதத்தில், "மேற்படி பொதுச்சுவர் வழியே அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி எவ்வித ஒலியும் எழுப்ப மாட்டேன்" என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன், மீற எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகையால் அவர் தட்டும்போது, நான் இந்தப் பக்கம்தான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்படி, என் கையால் சுவரில் பதிலுக்குத் தட்ட அனுமதி வழங்குமாறு தங்கள் பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். இன்றுவரை நான் தட்டவில்லை.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
சா. ஜெபகுமார்

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 24.10.2025

இணைப்பு: விற்பனைச் சீட்டு நகல், உறுதிமொழிக் கடித நகல்.