குண்டு மைக்

செவ்வாய், ஜூலை 8

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். போர்வைக்குள் எழுதுகிறேன்.

ஆண்டு விழா வாத்தியக் குழுவில் மவுத் ஆர்கனுக்கு ஒரே இடம். நானும் அக்காவும்தான் போட்டி. அப்பா இன்று எங்களை சவுண்ட் சர்வீஸ் கடைக்கு அழைத்துப் போனார், ஆளுக்கொரு மைக் வாங்க. கடைக்காரர் ஒவ்வொன்றாகக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து உள்ளங்கைகளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். உருண்டையான ஒரு மைக்கில் அக்கா ஒரு மூச்சு இழுத்தாள். மூலையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். நான் வாசித்தபோது வயர்தான் சுற்றினார்.

அப்பாவும் அக்காவும் வெளியே போனதும் கடைக்காரர் என்னிடம், "குண்டு மைக் அக்காவுக்கு. துப்பாக்கிக் குண்டு மாதிரி இருக்குல்ல, அதான் அந்தப் பேரு. உனக்கு சாதா மைக் போதும் பாப்பா. நாளைக்கு அப்பாகிட்ட கொடுத்து விடுறேன்," என்றார்.

போதுமாம்.

புதன், 9

அப்பா இரண்டு பெட்டிகளோடு வந்தார். ஒன்றின் மேல் 'குண்டு மைக்' என்று எழுதியிருந்தது. மற்றதில் 'சாதா மைக்'.

வீட்டில் எனக்குப் பெயரே குண்டுதான்.

"பேரு போட்டே அனுப்பியிருக்காரு பாரு. இந்தா குண்டு, இது உன்னோடது," என்று அப்பா நீட்டினார்.

நான் பெட்டியைத் திறந்ததும் அக்கா அந்த உருண்டையைப் பார்த்தாள். "அது எனக்குன்னு நெனச்சேன்ப்பா. சரி, அவருக்குத் தெரியாததா."

நான் வாயே திறக்கவில்லை. பொய் சொல்லவில்லையே? என்னை யாரும் கேட்கவில்லை.

வெள்ளி, 11

டீச்சர் இருவரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார். இந்த மைக்கில் என் தப்புகூடக் கம்பீரமாகக் கேட்கிறது. அக்காவின் வாசிப்பு தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. கேட்கச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் இருந்தது.

ஞாயிறு, 13

அக்கா தானாக வந்து என் விரல்களைச் சரிசெய்தாள். "சந்துல காத்து ஒழுகுதுடி. இறுக்கிப் பிடி. ம், இப்ப ஊது." உடனே சத்தம் தடித்தது. எனக்கு அழுகை வந்தது, கோபத்தில். தோற்பதிலும் இவள்தான் முதலாக வரவேண்டுமா?

செவ்வாய், 15

ஆண்டு விழாவுக்கு மைக்செட் போடப்போவது அதே கடைக்காரராம்.

வியாழன், 17

அவரே வந்துவிட்டார். தோளில் வயர் சுருளோடு பள்ளி வராந்தாவில் நடந்து போனார். மேடையில் என் கையில் குண்டு மைக்கைப் பார்த்தால் எல்லார் முன்னாலும் கேட்பாரே— இது உங்க அக்காவோடதாச்சேன்னு. அய்யோ, அப்பாவும் இருப்பாரே.

மதியம் அக்காவின் வகுப்பு வாசலில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பயத்தில்தான் சொன்னேன். நல்ல மனதோடு சொன்னதாக இங்கேயாவது எழுதக் கூடாது.

"அப்பா தெரியாம கொடுத்தாரு. நீ தெரிஞ்சே வாங்கிக்கிட்ட," என்றாள்.

"நீ எதுல ஊதுனாலும் எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. எனக்கு ஒரு தடவை..."

"அதுக்கு?"

சாயங்காலம் வீடு வரும்வரை எனக்கு முன்னால் பத்தடி தள்ளியே நடந்தாள்.

வெள்ளி, 18

அக்கா டீச்சரிடம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "மைக் மாறிப்போச்சு டீச்சர். மாத்தி ஒரு தடவை கேளுங்க," என்று மட்டும் சொன்னாள். கேட்டார். என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினார். அதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

சனி, 26

விழா முடிந்தது. உட்கார இடம் கிடைக்காமல் பக்கவாட்டில், மைக்செட்டின் ஆம்ப்ளிஃபையர் பெட்டி இருந்த இடத்தில் நின்றேன். பக்கத்திலேயே கடைக்காரர். தலை குனிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்து, "ஓரமா நில்லு பாப்பா, வயரை மிதிக்காத," என்றார். அவ்வளவுதான். அவருக்கு என்னை நினைவே இல்லை. இந்த ஆளுக்காகவா நடுங்கினேன்? பேசாமல் இருந்திருந்தால் இப்போது மேடையில் நான்—

அக்கா வாசித்து முடித்தாள். கூட்டம் கைதட்டியது. அவர் கண்ணை எடுக்காமல், "யாரு பாப்பா அந்தப் பொண்ணு? என்னமா இழுக்குது மூச்ச," என்றார்.

கேட்காத மாதிரி நின்றேன். மறுபடி கேட்டார்.

"எங்க அக்கா," என்றேன்.