உன் மாமன் குடிக்காத ஒயின்

உத்திரமேரூர்
18-11-1979, ஞாயிறு

அன்பு மகள் பிலோமினாவுக்கு, ஆண்டவர் கிருபையும் மாதா துணையும் நீ இருக்கிற அந்தத் தூர தேசத்திலும் உன்னை விட்டு விலகாதிருக்கட்டும். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீயும் உன் எசமானியம்மாள் வீட்டுப் பிள்ளைகளும் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது. இங்கே ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, ஏரி கரை வரை ததும்பி நிற்கிறது, கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, மில்லில் எனக்கு அதே நெல் அவிக்கிற வேலைதான். இதையெல்லாம் இன்னும் நாலு வரி எழுதிவிட்டுக் கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் கை போகிறது. ஆனால் போன மாதம் 22-ந் தேதி எழுதிய கடிதத்திலும் அப்படித்தான் செய்தேன். நீ அனுப்பிய ஒயினை ஊற்றிக் கோழி சமைத்தோம், மாமனும் வந்திருந்தான், மூன்று பேரும் வயிறாரச் சாப்பிட்டோம், வீடெல்லாம் மணத்தது என்று எழுதியிருந்தேனே, அது பொய் அம்மா. நடந்ததை இப்போது எழுதுகிறேன், உட்கார்ந்துகொண்டு படி.

நீ அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒயினும் காளானும் போட்டுக் கோழி சமைக்கிறாய், அவர்கள் தட்டை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று எழுதிய நாளிலிருந்து உன் அம்மாவுக்கு அதே நினைப்பு. எம்பொண்ணு கையால அந்த வெள்ளக்காரங்களுக்கு அப்டி இன்னாதான் பண்ணிப் போடுது, நானும் ஒருவாட்டி துன்னு பாக்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் வாய்விட்டு ஒன்று கேட்டு நான் பார்த்ததில்லை. ஒயின் என்றதும் முதலில் முகம் சுளித்தாள், பூசையில் சாமியார் வைக்கிற திராட்சை ரசம் போலத்தான், கொதித்தால் போதை ஆவியாகிவிடும் என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகு சரி என்றாள். உன் எசமானியம்மாளின் தங்கை பாண்டிச்சேரி வந்தபோது நீ கொடுத்தனுப்பிய புட்டியை வாங்கிவர உன் மாமன் பச்சமுத்துதான் போனான். இங்கே மதுவிலக்கு, எல்லையில் பஸ்ஸை நிறுத்தி மூட்டை முடிச்சையெல்லாம் அவிழ்த்துப் பார்க்கிறார்கள், அகப்பட்டால் ஜெயில். அவன் அந்தப் புட்டியைத் துணியில் சுற்றிக் கருவாட்டு மூட்டைக்கு நடுவில் வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறான், போலீஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி அக்காளும் தம்பியும் சிரித்தார்கள். உன் அம்மா புட்டியை என் கையில்தான் கொடுத்தாள், அரிசிப் பானைக்குள் பத்திரமா வையி, நாயித்துக்கிழம காளான் கொண்ணாறேன்னு தம்பி சொல்லிக்கீறான் என்றாள். என்னை நம்பிக் கொடுத்தாள். அவளுடைய இடது காது ஏன் கேட்பதில்லை என்று உனக்குத் தெரியும், நான் குடித்துவிட்டுக் கை நீட்டிய அந்த இரவுக்கு மறுநாள், இனித் தொடமாட்டேன் என்று மாதா சுரூபத்தின் முன்னால் நான் சத்தியம் செய்து ஆறு வருஷம் ஆகிவிட்டது, அந்த ஆறு வருஷத்தை நம்பித்தான் கொடுத்தாள்.

வியாழக்கிழமை மில்லில் கரண்டு இல்லை என்று பத்து மணிக்கே அனுப்பிவிட்டார்கள். உன் அம்மா நடவுக்குப் போயிருந்தாள். வீட்டில் யாருமில்லை. என்ன நிறம் என்று பார்க்கலாம் என்றுதான் பானையைத் திறந்தேன், அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாசற்படியில் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பிறகு ஒரு ஆணியை எடுத்துத் தக்கையைக் குத்தினேன், அது உடைந்து பாதிதான் வந்தது. ஒரு வாய் என்று ஆரம்பித்தேன், பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் புட்டி காலி. இனிப்பாகக்கூட இல்லை அம்மா, துவர்ப்பு, பிடிக்கவும் இல்லை, ஆனாலும் குடித்தேன். அப்புறம் பயம் வந்தது. புளியைக் கரைத்து வடிகட்டிப் பனைவெல்லம் போட்டு நிறம் ஒத்து வரும் வரை கலக்கிப் புட்டியில் ஊற்றி, மீதித் தக்கையைத் துணி சுற்றி அடைத்து, மறுபடியும் பானையில் வைத்துவிட்டு, வாய் கொப்பளித்து வெற்றிலை போட்டுக்கொண்டேன். உன் அம்மா வந்ததும் வெயிலில் தலைவலி என்று படுத்துக்கொண்டேன், அவள் சுக்கு அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தோம். பச்சமுத்து தன் கிராமமான பெருநகரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து காத்திருந்தான், புற்றில் பூத்த காளான் ஒரு துண்டு நிறையக் கொண்டுவந்து தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தான். உன் அம்மா நீ எழுதியபடியே ஒவ்வொன்றாக என்னைப் படிக்கச் சொல்லிச் செய்தாள். வெண்ணெயில் கோழியைச் சிவக்க வறுத்தெடுத்தாள், சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கினாள், ஒரு கரண்டி மைதா மாவைத் தூவினாள், மிளகாயை எடுக்கப் போன கையை இரண்டு தரம் இழுத்துக்கொண்டாள். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். ஒயினை ஊற்று என்கிற இடம் வந்தது. புட்டியை எடுத்ததுமே, இன்னாடா தக்க பிஞ்சிகினு கீது என்றாள், முகர்ந்தாள், கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். புளித்தண்ணி என்றாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை, பிலோமினா. நேராகத் தம்பியைப் பார்த்தாள். வழியிலேயே குட்சிட்டு எனக்குப் புளி கரைச்சிக் கொண்ணாந்தியாடா என்று கேட்டாள். அவன் காளானை விட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான், ஒரே தரம்தான் பார்த்தான். பிறகு, ஆமாக்கா, நான்தான், திண்டிவனத்துல பஸ்ஸுக்கு நின்னுகினு இருக்கசொல்ல ஆச தாங்கல என்றான். எம்பொண்ணு கண்காணாத சீமையிலிருந்து ஆசயா அனுப்சத இப்டிப் பண்ணிட்டியே, இனிமே இந்த வூட்டுப் படி ஏறாத என்று அவள் கத்தியது தெருமுனை வரை கேட்டது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். நான் வாயைத் திறக்கவில்லை. உன் அம்மா வெறும் தண்ணீரை ஊற்றி அந்தக் கறியை இறக்கினாள். எனக்குப் போட்டாள், நான் சாப்பிட்டேன், இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். இத எழுதாதே, கொழந்த மனசு நோவும், நல்லாருந்திச்சினு எழுது என்றாள். அப்படித்தான் அந்தக் கடிதம் வந்தது.

அதன் பிறகு மூன்று ஞாயிறு கோயிலுக்குப் போய், சாமியார் நாவில் வைக்கிற நன்மை அப்பத்தை வாங்காமல் பின்னால் நின்றேன். முட்டி வலி, மண்டியிட முடியவில்லை என்று சொன்னேன். போன வாரம் சனிக்கிழமை உன் பதில் வந்தது. சத்தமாகப் படிக்கச் சொன்னாள். நீ சந்தோஷமாக எழுதியிருந்தாய், மாமா எனக்காகப் பாண்டிச்சேரி வரை போனாரே, அவருக்குத் தொடைக் கறியாகப் பார்த்து வைத்தீர்களா என்று கேட்டிருந்தாய். உன் அம்மா எழுந்துபோய், அந்தக் குடிகாரன் பேச்ச இனிமே எடுக்க வேணாம்னு எழுதிடு என்றாள். அந்த வார்த்தையை அவள் முன்பு யாருக்குச் சொல்லுவாள் என்பதும் உனக்குத் தெரியும். மறுநாள் பூசை முடிந்ததும் பெருநகருக்குப் பஸ் ஏறினேன். பச்சமுத்து வரப்பில் மடை அடைத்துக்கொண்டிருந்தான். என்னடா இப்படிச் செய்தாய், ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். அவன் மண்வெட்டியைக் கீழே வைக்காமலே, மாமா, அன்னிக்கி உன் மூஞ்சியயும் பாத்தேன், அக்கா மூஞ்சியயும் பாத்தேன், தம்பி குடிகாரன்னா அது நாலு நாளு அயுதுட்டு வுட்டுடும், நீன்னு தெரிஞ்சா அப்பறம் அதுக்கு யாரு கீறாங்க என்றான். சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டான். என்னைவிடப் பதினாலு வயது சின்னவன். நான் அவன் முன்னால் அழுதேன்.

அன்று பகலே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டேன். உன் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். முழுசும் குட்சியா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். அவன் நின்னுகினு என்கிட்ட திட்டு வாங்கசொல்ல நீ எங்க இருந்த என்று கேட்டாள். அடுப்பாண்டதான் இருந்தேன் என்றேன். அவ்வளவுதான் கேட்டாள். அதற்குமேல் ஏசியிருந்தால் எனக்குத் தேவலை. சோறு போடுகிறாள், வெந்நீர் வைக்கிறாள், பேச்சில்லை. புதன்கிழமை நடவுக்குப் போகாமல் தனியாகப் பெருநகர் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் வந்தாள். அங்கே தம்பியும் அவளும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கண் மட்டும் வீங்கியிருந்தது. நேற்று சாமியாரிடம் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். உனக்கும் ஒரு சத்தியம் செய்து தருகிறேன் என்று எழுத எனக்கு முகமில்லை, செய்த சத்தியத்தின் கதைதான் இது. முப்பத்தோரு நாளாகத் தொடவில்லை, அதை மட்டும் எழுதுகிறேன். உன் உழைப்பில் வந்ததைக் குடித்து, உன் மாமன் பேரைக் கெடுத்து, உனக்கும் பொய் எழுதினேன். மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம், ஆனால் மாமனுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அதை மறக்காதே.

இதுவரை எழுதியதை இப்போது உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, எதையும் அடிக்காமல் அப்படியே போடச் சொன்னாள். ஏழு நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அதுதான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்றத எழுது என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். கண்ணு, நான் நல்லாத்தான் கீறேன், நீ வெசனப்படாத. கம்பளிச் சட்டயப் போட்டுக்கினு வெளிய போ. அந்தக் கோயிக் கறிய ஒயின் ஊத்தாம பண்றதுக்கு வயி கீதா, அந்த ஊருக்காரங்ககிட்ட கேட்டு எழுது. கிறிஸ்மசுக்கு மாமன் வரேன்னு சொல்லிக்கீறான், அவனுக்கு என் கையால பண்ணிப் போடணும். உங்க நைனாவுக்கும் ஒரு தட்டு வைப்பேன். அதுக்கு மேல இப்ப ஒண்ணும் கேக்க வேணாம்னு எழுது.

எழுதிவிட்டேன். எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உன் தலைமேல் இருக்கட்டும், மாதா உன்னைக் காப்பாற்றட்டும். கிறிஸ்மசுக்கு முன்னால் வந்து சேருகிற மாதிரிப் பதில் போடு.

உன் நைனா,
ம. ஏசுதாஸ்