கனகமணியின் நாற்காலி

அன்பு மகள் ரேகாவுக்கு, அம்மா மூக்கம்மா எழுதுவது. கோத்தகிரிக் குளிரில் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், அந்த இஸ்ரேல் வெயிலில் நீயும், நீ பார்த்துக்கொள்ளும் பாட்டியம்மாவும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. தேயிலை விலை விழுந்ததிலிருந்து எஸ்டேட்டில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை, மற்ற நாளெல்லாம் அப்பா வாசலில் உட்கார்ந்து உலகத்தைத் திருத்துகிறார்.

உன் பக்கத்து வீட்டு எத்தியோப்பியாக்காரப் பெண் நகரசபைத் தேர்தலில் நிற்பதற்கு வகுப்புக்குப் போகிறாள், அங்கே பிறந்த அவள் பிள்ளைகளையும் வந்தவர்கள் என்றே சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். சிலோனில் நாங்கள் இந்தியாக்காரர், இங்கே வந்து இத்தனை காலமாகியும் சிலோன்காரர், அதனால் அவளை எனக்கு நன்றாகத் தெரிந்த மாதிரி இருக்கிறது. எங்களுக்கும் அப்படி ஒரு வகுப்பு நடந்தது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதும், எஸ்டேட் லயத்து வீட்டுப் பெண்களைத் தலைவர்களாக்கப் போவதாகச் சென்னையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். வேலை இல்லாததால் எல்லோரும் போனோம், சாப்பாடும் நன்றாக இருந்தது. நிற்க எனக்கு ஆசை வந்தது. வாழ்நாளெல்லாம் யூனியன் மேடையில் உரிமை உரிமை என்று முழங்கிய உன் அப்பா, "அது சரி, வீட்டை யார் பாக்குறது" என்று ஒரே கேள்வியில் என் தேர்தலை முடித்துவிட்டார்.

அந்த வகுப்புக்கு மளிகைக்கடைத் தங்கவேலு தன் மனைவி கனகமணியையும் கூட்டி வந்தார். அதுவரை அவர்தான் வார்டு மெம்பர். டீச்சர் கனகமணியிடம் எது கேட்டாலும் பின்னாலிருந்து அவர் பதில் சொன்னார். டீச்சர் அவரை வெளியே அனுப்பினார். அப்புறம்தான் கனகமணி வாய் திறந்து, "ஏனுங்க டீச்சர், ஜெயிச்ச பொறகு அவரே வந்து உக்காந்துட்டா என்ன பண்றதுங்க" என்று கேட்டாள். நாங்கள் சிரித்தோம், அவள் சிரிக்கவில்லை. ஜெயித்தவர்தான் உட்கார வேண்டும் என்றார் டீச்சர். தேர்தல் நோட்டீசில் தங்கவேலு படம் பெரிதாகவும் அவள் படம் தபால்தலை அளவிலும் இருந்தது, ஜெயித்தது தபால்தலைதான்.

பஞ்சாயத்தின் முதல் கூட்டத்தன்று லயத்துத் தண்ணீருக்காக மனுக் கொடுக்கப் போய் நானும் வாசலில் நின்றேன். தங்கவேலு மாலையோடு போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கனகமணி நின்றபடியே தலைவரிடம், "இவரு மெம்பர் இல்லீங்க. வெளிய பெஞ்சு கெடக்குது, அங்க உக்காரச் சொல்லுங்க" என்றாள். தலைவர் கூரையைப் பார்த்தார். பிறகு தங்கவேலு எழுந்து என் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்து, உள்ளே காற்றில்லை என்றார். அந்த மாதமே எங்கள் லயத்துக்குக் குழாய் வந்தது. அப்பாவோ, பெண்கள் முன்னுக்கு வர வேண்டும் என்று தானே முதலில் சொன்னதாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். கனகமணியும் இப்போது கொஞ்சம் மாறிவிட்டாள். டீச்சர் மறுபடி வகுப்பெடுக்க வருகிறார் என்றதும், "அக்கா, உங்களுக்கெதுக்குங்க அந்த அலைச்சல், நான்தான் இருக்கேனே" என்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, அங்கே வெயில் என்றாலும் காலுறை போட்டுத் தூங்கு. எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும். அந்த வகுப்புக்கு டீச்சரிடம் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். பதில் எழுதும்போது அதைப் பற்றி மூச்சு விடாதே, உன் கடிதங்களை லயமே கேட்கச் சத்தமாகப் படிப்பவர் உன் அப்பாதான்.

உன் அம்மா
சி. மூக்கம்மா