‘அல்லது’ போய் ‘மற்றும்’ வந்தது

2000 ஜூலை 17, திங்கள்

அபிஜானில் காலையிலிருந்து மழை. புதிய அரசியல் சட்டத்துக்கான வாக்கெடுப்பு ஞாயிற்றுக்கிழமை. வாக்காளர்களுக்கான புத்தகம் எங்கள் அச்சகத்தில் ஏறக்குறைய முடிந்திருந்தது. மதியம் அரசு அலுவலகத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒருவர் துண்டுத்தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். புத்தகத்தில், அதிபராக வருகிறவரின் தந்தை ‘அல்லது’ தாய் பிறவியிலேயே இந்நாட்டவராக இருக்க வேண்டும் என்றிருந்தது. ‘அல்லது’வை எடுத்துவிட்டு ‘மற்றும்’ போட வேண்டுமாம்.

“தானோ, வரி நகருமா?” என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார் முதலாளி.

“நகராது ஐயா. பிரெஞ்சுல ரெண்டுக்குமே ரெண்டெழுத்துதான்.”

“கடவுள் பெரியவர்,” என்றார்.

இருபத்தாறு வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன். இவ்வளவு சுத்தமான திருத்தம் கைக்கு வந்ததில்லை. வீட்டில் மனைவி கதிஜியாவிடம் சொன்னேன். அவள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

“நான் என்ன அதிபருக்கா நிக்கப்போறேன்? அந்த மரவள்ளி அத்தியேக்கே தட்டை எடுங்க.”

ஜூலை 23, ஞாயிறு

வாக்களித்தேன். ‘ஆம்’ என்று. எல்லாக் கட்சியும் ‘ஆம்’ என்கிறது. யாரை வெளிநாட்டவர் மகன் என்று அதிபர் போட்டியிலிருந்து தள்ள அந்தச் சொல்லோ, அவருடைய கட்சியும். அதோடு, நான் திருத்திய பக்கம். ‘வேண்டாம்’ என்று போட மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 9

சந்தையில் இப்போது யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. எந்த ஊர் என்று விசாரிக்கிறார்கள்.

செப்டம்பர் 12, செவ்வாய்

மகள் எபாவுக்குப் பத்தொன்பது வயது. செவிலியர் பள்ளி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பத்தோடு குடியுரிமைச் சான்றிதழ் இணைக்க வேண்டும். அக்டோபர் 13 கடைசி நாள். நீதிமன்ற அலுவலகத்துக்கு மூவரும் போனோம். எழுத்தர் பெயர் லொக்போ. மரியாதையான மனிதர்.

“அப்பா சரி. அக்னி இனத்து ஆளு, ஊர் இருக்கு. அம்மா?”

“குடியுரிமைச் சட்டப்படி அப்பா ஒருத்தர் போதும்,” என்றேன்.

“இப்போ ‘மற்றும்’னு வந்திருக்கே, பார்க்கலையா?”

பார்த்தேனா என்கிறார்! “அது அதிபர் பதவிக்குங்க. இவ ஊசி போடப் போறா.”

“நாளைக்கு இவ அதிபருக்கு நிக்கமாட்டான்னு யார் எழுதிக் கொடுப்பா?”

நான் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவர் நிஜமாகவே யோசித்தார். அதற்குப் படிவம் இல்லை என்றார்.

பிறகு, இங்கே மூத்த பெண்களை அழைக்கும் மரியாதையோடு, கதிஜியாவைக் கேட்டார்: “தந்தீ, உங்க ஊர்?”

“த்ரெஷ்வில். அங்கதான் பொறந்தேன். அம்பத்தெட்டுல.”

“அது பேட்டை. பிரசவ ஆஸ்பத்திரி யாருக்கும் ஊர் ஆகாது. உங்க அப்பா ஊர்?”

“போபோ. ரயில்ல வேலை பார்க்க வந்தார்.”

“அப்போ பக்கத்து நாடு, புர்க்கினா,” என்று எழுதிக்கொண்டார்.

இந்த நாடு பிறந்தது அறுபதில். என் மனைவி நாட்டைவிட இரண்டு வயது மூத்தவள். மூத்தவர்கள் இளையவர்களிடம் அனுமதிச் சீட்டு காட்ட வேண்டும் போலிருக்கிறது.

செப்டம்பர் 13

அந்தச் சொல்லை நான்தானே போட்டேன். இந்தக் கையாலதானே — வேற யாராவது போட்டிருப்பாங்க, சரி. நான் போடலைன்னா நாடு மாறியிருக்குமா? மாறியிருக்காது. ஆனா ‘ஆம்’னு வேற போட்டேனே. அது யார் சொல்லி?

அக்டோபர் 3, செவ்வாய்

மூன்றாவது முறை. லொக்போ என்னை வெளியே மாமரத்தடிக்கு அழைத்துவந்தார்.

“பெரியவரே, உங்க பொண்ணோட பிறப்புப் பதிவு தொலைஞ்சுபோச்சுன்னு வைங்க. நீதிபதிகிட்ட புதுசா ஒண்ணு வாங்கலாம். அப்பா பேர், அம்மா பேர், ரெண்டு சாட்சி. அம்மா பேர் நீங்க சொல்றதுதான்.”

“பதிவு தொலையலையே?”

“அதைத்தான் சொல்றேன். தொலைங்க.”

தாளில் தாயாக எழுத, என் ஊர்க்காரியாக, கையில் அடையாள அட்டை உள்ளவளாக, விஷயத்தை வெளியே விடாதவளாக ஒருத்தி வேண்டும். யோசித்துப் பார்த்தால் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். என் தங்கை அமெனான்.

அக்டோபர் 4

அமெனான் விழுந்து விழுந்து சிரித்தாள். “அண்ணே, உன் பொண்ணுக்கு நான் அம்மாவா? அப்போ நீ எனக்கு யாரு?”

யாரும் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்தினாள். எபா முடியாது என்று அழுதாள். “அம்மா இருக்கும்போதே எப்படிப்பா?”

கதிஜியா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “பதினெட்டு மணி நேரம் வலிச்சுது. அந்த வலி எந்தத் தாள்லயும் இல்ல, யாரும் எடுக்க முடியாது. பேர்தானே? எழுதுங்க.” பிறகு என்னைப் பார்த்து, “எழுத்துப் பிழை வராம பார்த்துக்கங்க. அது உங்க வேலைதானே,” என்றாள்.

அக்டோபர் 6, வெள்ளி

தீர்ப்பு கிடைத்தது, சான்றிதழும். பெற்றோர் இருவருக்கும் ஒரே ஊர், ஒரே குடும்பப் பெயர் என்பதைக் கவனித்த லொக்போ மகிழ்ந்துபோனார். “பாருங்க, இப்பதான் கலப்பே இல்லாம இருக்கு.”

உண்மைதான். ஒரே ஊர், ஒரே வீடு, ஒரே வயிறு. இதைவிடத் தூய்மை கிடைக்காது.

அதிபர் பதவிக்கு விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோரை உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டதாக வானொலி சொன்னது. அதே நாளில் என் மகள் தகுதி பெற்றுவிட்டாள். நாற்பது வயதாக வேண்டியதுதான் பாக்கி.

டிசம்பர் 6, புதன்

தள்ளப்பட்டவரின் கட்சி தெருவில் இறங்கியது; நேற்றும் முந்தாநாளும் துப்பாக்கிச் சத்தம். தேர்வு மட்டும் தள்ளிப்போகவில்லை. எபாவைக் கூட்டிக்கொண்டு கதிஜியா போனாள். மேம்பாலத்தருகே துப்பாக்கிக் காவலர்களான ஜாந்தார்மர்கள் சிற்றுந்தை நிறுத்திப் பெயர் பெயராகப் பார்த்திருக்கிறார்கள். எபாவின் தாள்களைப் பார்த்துச் சிரித்த ஒருவன், கதிஜியாவைக் காட்டி, “இது யாரு? உங்க அம்மாவா?” என்றானாம்.

எபா தாளைப் பார்த்தாளாம். தாளில் வேறு பெயர்.

“அத்தை,” என்றாளாம்.

“நல்ல குடும்பத்துல இந்த அத்தை எப்படி வந்தா?” என்று கேட்டுவிட்டு இருவரையும் போகவிட்டார்கள். பெயர் பிடிக்காத நான்கு ஆண்களை இறக்கிக்கொண்டார்கள். அதில் எங்கள் தெருத் தையல்காரர் சும்பாரேயும் ஒருவர்.

“நல்லாச் சொன்னா. தடுமாறவே இல்ல,” என்றாள் கதிஜியா. மூன்று முறை சொன்னாள்.

டிசம்பர் 14

சும்பாரே வரவில்லை. அவர் மனைவி கடையைத் திறந்து, தைத்து முடித்த துணிகளை மட்டும் உரியவர்களிடம் கொடுத்தாள்.

2001 ஜனவரி 15, திங்கள்

தேர்ச்சி. புவாக்கேயில் பள்ளி. பேருந்து நிலையத்துக்கு அமெனானும் நானும் போய் ஏற்றிவிட்டோம். கதிஜியா வராமல் இருப்பது நல்லது என்று கதிஜியாவே சொன்னாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

எபா பள்ளிக்கு எதிரிலுள்ள தொலைபேசிக் கடையிலிருந்து பேசினாள். பின்னால் மற்ற மாணவிகளின் பேச்சு கேட்டது. சாப்பாடு பரவாயில்லையாம், உடற்கூறு கடினமாம். கதிஜியா என் பக்கத்தில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“அத்தை எப்படியிருக்காங்கப்பா?”

“எந்த அத்தை?”

வரிசையில் யாரோ சீக்கிரம் என்றார்கள். எபா குரலைத் தாழ்த்தவில்லை. வழக்கமான குரலில்தான் சொன்னாள்.

“நம்ம வீட்டுல இருக்காங்களே, அந்த அத்தை.”

நன்றாயிருக்கிறாள் என்று சொன்னேன்.